பழைய டார்ச்லைட்டுக்குப் புது எல்.இ.டி.: கழற்றுவதிலிருந்து மூடுவது வரை

என் டார்ச்லைட்டைப்போல இன்னொன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்த சித்தப்பா, 2013இல் ஓர் அலுமினிய உருளையை லேத்தில் பிடித்து, வேலை முடிந்த மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து கொடுத்தது. ஒரே ஒரு 18650 பேட்டரி (சார்ஜ் செய்யும் லித்தியம் வகை), வாலில் சுவிட்ச், தலைப்பகுதியில் நல்ல கனமான சுவர். கையில் எடுத்தால் சின்னச் சுத்தியலை எடுத்ததுபோல் இருக்கும். உள்ளே அப்போது புதிதாக வந்திருந்த கிரீ எக்ஸ்.எம்-எல்2 எல்.இ.டி. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் அன்று அதைப் பார்த்தவர்கள், "இது என்ன, கார் லைட்டா?" என்று கேட்டார்கள்.

பத்து வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது. இன்றைக்கும் வெளிச்சத்தில் குறை இல்லை. குறை நிறத்தில். ஒரு நாள் மின்சாரம் போன இரவில், வீட்டு வெளி விளக்கின் வயர் பெட்டியைத் திறந்து இந்த லைட்டை அடித்தேன். சிவப்பு வயர் எது, பிரவுன் வயர் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே அழுக்கு நிறம். என் பாட்டி பால்மரம் சீவப் போன காலத்தில் தலையில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். விடியும் முன், குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் எல்லாம் இருட்டிலேயே நடக்கும் வேலை. கல்லில் தண்ணீர் சொட்ட, அசெட்டிலின் வாயு எழும்பி எரியும் அந்தச் சுடரில், மரத்துக்குக் காயம் படாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுச் சீவினார்கள். சுடரின் ஒளியில் எல்லா நிறமும் இருக்கும். என் லைட்டில் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருந்தும் சிவப்பு இல்லை.

ஆகவே உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு எல்.இ.டி.யை மட்டும் மாற்றினேன். சித்தப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "நல்லா எரியிற லைட்ட ஏன்டா நோண்டுற?" என்றார். மூன்று முறை நோண்டித்தான் சரியாக வந்தது. முதல் இரண்டு முறை என்ன தப்பு செய்தேன் என்பதும் கீழே இருக்கிறது.

எந்த எல்.இ.டி.?

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாகவும் பச்சையாகவும் கொஞ்சம் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது. பழைய குளிர்வெள்ளை வகைகளில் சிவப்புப் பங்கு மிகவும் குறைவு. ஓர் ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று அளக்கும் எண்தான் சி.ஆர்.ஐ. சூரிய ஒளிக்கும் சுடருக்கும் 100 என்று வைத்தால், என் பழைய எக்ஸ்.எம்-எல்2 போன்றவை 70ஐ ஒட்டி இருக்கும். அதிலும் ஆழ்ந்த சிவப்பை மட்டும் தனியாகக் காட்டும் ஆர்9 என்ற எண் சுழியத்துக்குக் கீழே கூடப் போகும். வயர் குழப்பத்துக்குக் காரணம் அதுதான். காய்ந்த மட்டைக் குவியலில் பழுப்பு நிறப் பாம்பு படுத்திருந்தால் கண்ணில் படாததற்கும் அதே காரணம்.

நான் மூன்று எல்.இ.டி.களை எடைபோட்டேன்.

லூமினஸ் எஸ்.எஸ்.டி-40: பழைய எக்ஸ்.எம்-எல்2 இருந்த இடத்தில் அப்படியே உட்காரும், 5 மி.மீ. சதுரம். அதிக மின்னோட்டம் தாங்கும், வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் குளிர்வெள்ளை வகையில் என் சிவப்புப் பிரச்சினை தீராது.

லூமினஸ் எஸ்.எஃப்.டி-40: அதே 5 மி.மீ. அளவு, மேலே சிலிக்கன் குமிழ் கிடையாது, தட்டையானது. குமிழ் இல்லாததால் ஒளிரும் பரப்பு சிறியதாகத் தெரியும். ரிஃப்லெக்டர் அந்த ஒளியை இறுக்கமாகத் தூரத்துக்கு வீசும். தோட்டத்து எல்லையில் காவல் பார்ப்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

நிச்சியா 519ஏ: 3.5 மி.மீ. சதுரம், சி.ஆர்.ஐ. 90க்கு மேல். லூமன் கணக்கில் பார்த்தால் பழைய எக்ஸ்.எம்-எல்2ஐவிட அதிகம் தராது, அதே மின்னோட்டத்தில் கொஞ்சம் குறையவும் செய்யலாம். "புதுசு வாங்கி வெளிச்சம் குறைஞ்சா என்ன லாபம்?" என்று கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் போகும் என் மச்சான் கேட்டான். சுவரில் அடித்துக் காட்டினேன். அவன் சட்டையின் மெரூன் நிறம் மெரூனாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் லூமன் பேச்சை எடுக்கவில்லை.

நான் எடுத்தது 519ஏ, 4500 கெல்வின். 6500 என்பது நீலம் கலந்த குளிர்வெள்ளை, 3000 பழைய குண்டு பல்பு நிறம். விடியற்காலைப் பனிமூட்டத்தில் நீலச் சாயல் எனக்குக் கண்ணைக் குத்துகிறது. இது என் ருசி. 5000 கேட்பவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன்.

தூரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. டார்ச்லைட் பெட்டியில் போடும் 'இத்தனை மீட்டர்' என்பது 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் தூரம், அதாவது ஏறக்குறைய முழுநிலவின் ஒளி. கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அது கிடைக்கும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமானால் 20,000 போதாது, 40,000 வேண்டும். அந்தத் தூரத்தில் நின்று என்ன அடையாளம் காணப் போகிறோம் என்பது வேறு கேள்வி.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அளவு ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றில்லை. கிரீயின் எக்ஸ்.ஹெச்.பி50 கூட 5 மி.மீ. சதுரம்தான், ஆனால் அது 6 அல்லது 12 வோல்ட்டில் ஓடும். ஒற்றை 18650இன் 4.2 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் சரியாக எரியாது, மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரைவர் (பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்றுத் தகடு) வேண்டும். 'மூன்று வோல்ட் வகை' என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். இன்னொன்று, இணையத்தில் ஒரு கடையில் மலிவாக வாங்கிய எக்ஸ்.எம்-எல்2 ஒரு தடவை எனக்குப் போலியாக வந்தது. அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருக்கும் கம்பிகளின் அமைப்பு வேறாக இருந்தது தெரிந்தது. எல்.இ.டி.யைத் தனியாக விற்று, நிறத்தொகுதி எண்ணையும் எழுதித் தருகிற கடைதான் நல்லது.

பக்கத்திலிருக்கும் கூலிமில் 2017இலேயே ஓஸ்ராம் எல்.இ.டி. சில்லு ஆலையைத் திறந்துவிட்டது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் ஒற்றை எல்.இ.டி. ஒன்று வாங்க நாம் தபாலுக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

அடியில் வைக்கும் தட்டுதான் முக்கியம்

எல்.இ.டி. நேராக உடம்பில் ஒட்டாது. அதை முதலில் நாணயம் போன்ற ஒரு வட்டத் தட்டில் சால்டர் செய்து, அந்தத் தட்டை டார்ச்லைட்டுக்குள் வைக்கிறோம். ஸ்டார் என்று சொல்வார்கள். என்னுடையது 16 மி.மீ.; 20 மி.மீ. உம் பரவலாக உண்டு. கேலிப்பரால் அளந்துவிட்டு வாங்குங்கள், கண்ணால் மதிப்பிட வேண்டாம்.

சாதாரண அலுமினிய ஸ்டாரில் எல்.இ.டி.க்கும் உலோகத்துக்கும் நடுவில் மின்காப்புப் படலம் ஒன்று இருக்கும். செம்பின் வெப்பக் கடத்தல் திறன் ஏறக்குறைய 400, நம் உடம்பின் 6061 அலுமினியத்துக்கு 167 அளவு. அந்தப் படலத்துக்கோ பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். தோசைக்கல்லுக்கும் அடுப்புக்கும் நடுவில் அட்டையை வைத்ததுபோல. 'நேரடி வெப்பப் பாதை' கொண்ட செம்பு ஸ்டாரில் எல்.இ.டி.யின் அடியில் சூடு வெளியேறும் நடுப்பட்டை நேராகச் செம்பிலேயே உட்காரும். கடையில் டி.டி.பி. செம்பு என்று கேளுங்கள். விலையில் சில வெள்ளி (ரிங்கிட்) தான் வித்தியாசம். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2.8 ஆம்பியர், 3.1 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 8.7 வாட். அதில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. விரல் நகத்தைவிடச் சிறிய இடத்திலிருந்து அந்தச் சூடு வெளியேற வேண்டும். முழு வேலையும் இந்தச் சூட்டுக்கு வழிவிடுவதுதான்.

நடுப்பட்டை மின்தொடர்பு இல்லாததாக இருந்தால்தான் இந்த நேரடித் தட்டு சரிப்படும். வாங்கும் எல்.இ.டி.யின் தரவுத்தாளில் அதையும் பார்த்துவிடுங்கள். 5 மி.மீ. எல்.இ.டி.க்கும் 3.5 மி.மீ. எல்.இ.டி.க்கும் ஸ்டார் வேறு. மையப்படுத்தும் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையமும் வேறு. மூன்றையும் ஒரே இடத்தில் ஒன்றாக வாங்கினால் தபால் செலவு ஒன்றோடு போகும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் இரும்பு. 63/37 (வெள்ளீயம்/ஈயம்) ஈயப் பசை, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் கொஞ்சம். கூர்முனைச் சாமணம். மல்டிமீட்டர். தெர்மல் பேஸ்ட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. 400, 800, 1000 எண் உப்புத்தாள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிரீஸ். சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று. பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு பட்டை. அப்புறம் ஒரு பழைய தோசைக்கல் அல்லது இஸ்திரிப் பெட்டி. ஈயம் பட்ட கல்லில் மறுபடி தோசை சுடக் கூடாது, ஆகையால் வீட்டில் கேட்காமல் எடுக்காதீர்கள். நான் கேட்காமல் எடுத்து, புதுக் கல் வாங்கிக் கொடுத்தேன்.

கழற்றும் முன்

முதலில் பழைய நிலையைப் பதிவு செய்யுங்கள். முழுச் சார்ஜ் பேட்டரியைப் போட்டு, வால் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் அடியிலும் மறுமுனையை உடம்பின் வெறும் உலோக விளிம்பிலும் தொடுங்கள். எனக்கு 2.7க்கு மேல் காட்டியது. அந்த எண்ணை எழுதி வையுங்கள். இருட்டறையில் வெள்ளைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியை வெளியே எடுத்து, இன்னொரு அறையில் வையுங்கள். பக்கத்து மேசையில் வைத்தால் எப்படியும் ஒரு சாமணம் அதன்மேல் விழும்.

முன்மூடி இறுகியிருந்தால் சைக்கிள் டியூப் பட்டையைத் தலையிலும் உடம்பிலும் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். ரப்பர் பிடிப்பதுபோல் எந்தக் கருவியும் பிடிக்காது. பால்மரத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அப்படியும் வராவிட்டால் திருகில் பசை போட்டிருக்கும். ஹேர் டிரையரால் சில நிமிடம் சூடாக்கினால் பெரும்பாலும் இளகும். குறடு வைத்தால் தழும்பு விழும். கடையில் வாங்கியதற்குக்கூடப் பரவாயில்லை, கடைந்து கொடுத்ததற்கு மனசு கேட்காது.

கண்ணாடியையும் ரிஃப்லெக்டரையும் எடுங்கள். ரிஃப்லெக்டரின் உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், துடைக்கவும் செய்யாதீர்கள். அந்தப் பளபளப்பு மெல்லிய அலுமினியப் பூச்சு, ஒரு தேய்ப்பில் கீறிவிடும். தூசி இருந்தால் காற்று ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் புள்ளி விழும்.

இப்போது ஸ்டார் தெரியும். எந்த வயர் பிளஸ், எந்த வயர் மைனஸ் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணி இருந்தால் அதைக் கழற்றி ஸ்டாரைத் தூக்கிவிட்டு, அப்புறம் வயரை விடுவியுங்கள். ஸ்டார் உடம்பில் ஒட்டியிருக்கும்போது சால்டரிங் இரும்பை வைத்தால், முழு டார்ச்லைட்டும் அந்தச் சூட்டைக் குடித்துவிடும். ஈயம் இளகாது, வயரின் தோல்தான் கருகும்.

ஸ்டார் உட்காரும் மேடையைப் பாருங்கள். பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, லேத் கோடு தெரிந்தால் ஒரு தட்டையான பித்தளைத் துண்டில் உப்புத்தாளை ஒட்டி 400, 800, 1000 என்று தேய்த்துச் சமமாக்குங்கள். ஸ்டாரின் அடியையும் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்க்கலாம். பளபளப்பு தேவையில்லை, மட்டம்தான் தேவை. பித்தளைத் துண்டு இல்லாத என்னைப் பார்த்துப் பொறுக்காமல், சித்தப்பாவே ஒன்றைக் கடைந்து கொடுத்தார்.

தோசைக்கல் வேலை

எல்.இ.டி.யை ஸ்டாரில் உருக்கி உட்கார வைப்பதுதான் எல்லாரும் பயப்படும் இடம். உண்மையில் ஈயமே பாதி வேலையைச் செய்துவிடும்.

முதலில் எல்.இ.டி.யின் பிளஸ், மைனஸ் பக்கங்களைச் சோதியுங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியின் இரு பக்கத்தையும் இரண்டு மெல்லிய கம்பியால் எல்.இ.டி.யின் அடியிலுள்ள ஓரப் பட்டைகளில் தொட்டால், சரியான திசையில் மங்கலாக எரியும். ஸ்டாரில் பிளஸ் குறி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, எல்.இ.டி.யை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளுங்கள். திருப்பி ஒட்டிவிட்டு எடுப்பதைவிட இப்போது இரண்டு தடவை பார்ப்பது சுலபம்.

ஸ்டாரின் மூன்று பட்டைகளிலும் ஈயப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். கொஞ்சம் குறைவு என்று தோன்றுகிற அளவுதான் சரியான அளவு. முதல் முயற்சியில் நான் தாராளமாக வைத்தேன். உருகியபோது பிதுங்கி நடுப்பட்டைக்கும் ஓரப்பட்டைக்கும் பாலம் போட்டுவிட்டது. அதைச் சரிசெய்யச் சாமணத்தால் எல்.இ.டி.யின் தலையை அழுத்தினேன். தலை என்பது சிலிக்கன் குமிழ், வேகவைத்த ஜவ்வரிசிபோல் மெத்தென்று இருக்கும். சில எல்.இ.டி.களில் அதன் உள்ளே முடியைவிட மெல்லிய கம்பியும் இருக்கும். குமிழ் சரிந்தது, எல்.இ.டி. செத்தது. எப்போதும் எல்.இ.டி.யைப் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும்.

சன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்டாரைத் தோசைக்கல்லின் நடுவில் வைத்து அடுப்பைச் சிறு தீயில் ஏற்றுங்கள். இஸ்திரிப் பெட்டி என்றால் தலைகீழாக இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தி, பருத்தித் துணி நிலையில் வையுங்கள். அது ஏறக்குறைய 200 டிகிரிக்குப் போகும். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும், ஆகவே போதும். ஈயமில்லாத வகை 217க்கு மேல்தான் இளகும். வீட்டு வேலைக்கு அது வம்பு.

முதலில் பசை புகையும், ஃபிளக்ஸ் ஓரத்தில் கசியும். சாம்பல் நிறப் பசை திடீரென்று வெள்ளிபோல் மின்னும். அந்த நொடியில் எல்.இ.டி. தானாகவே லேசாக நகர்ந்து நேராக உட்காருவதைப் பார்க்கலாம், உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவருகிறது. சாமண முனையால் பக்கத்தில் லேசாகத் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் விலகித் திரும்பித் தன் இடத்துக்கே வந்தால் மூன்று பட்டையும் பிடித்துவிட்டது. தட்டும்போது ஓரத்தில் ஈய உருண்டை வந்தால் அதைத் துடைத்தெடுங்கள். அடுப்பை அணைத்து, ஸ்டாரை அசைக்காமல் அங்கேயே ஆறவிடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமை.

ஒன்று மறந்துவிட்டேன். எல்.இ.டி. ஈரப்பதத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் உறை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த எல்.இ.டி.யை நேராகச் சூடாக்கினால் உள்ளே ஈரம் ஆவியாகிக் கெடுக்கலாம். உறையை அன்றைக்கே பிரியுங்கள். மிச்சத்தைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிப் போடுங்கள்.

ஆறிய பிறகு ஆல்கஹாலால் சுற்றியுள்ள ஃபிளக்ஸைத் துடையுங்கள், குமிழைத் தவிர. பட்டன் பேட்டரியால் மறுபடி எரிகிறதா பாருங்கள். மல்டிமீட்டரில் பீப் நிலையில் பிளஸ் பட்டைக்கும் ஸ்டாரின் உலோகத்துக்கும், மைனஸ் பட்டைக்கும் உலோகத்துக்கும் சோதியுங்கள். இரண்டிலும் சத்தம் வரக்கூடாது.

உடம்புக்குள் வைப்பது

தெர்மல் பேஸ்ட் அரை மிளகு அளவு போதும். ஸ்டாரை அழுத்தி இப்படியும் அப்படியும் திருகினால் ஒட்டிப் பிடிக்கும் உணர்வு வரும். திருகாணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வயர்களை முன்னமே ஈயம் பூசித் தயார் செய்துவிட்டு, சூடான இரும்பை இரண்டே நொடி வைத்து எடுங்கள். ஈயக் குமிழ் உயரமாக நிற்கக் கூடாது. வயரின் தோல் பட்டை வரைக்கும் வர வேண்டும்.

என் இரண்டாவது தப்பு இங்கேதான். ரிஃப்லெக்டர் அலுமினியம், அதன் அடிவிளிம்பு ஸ்டாரின் ஈயக் குமிழ்களுக்கு ஒரு முடி தூரத்தில் நிற்கும். அலுமினிய ரிஃப்லெக்டர் வழியாக உடம்பின் மைனஸ் வந்துவிடும். என்னுடையதுபோல் 7135 சில்லு வரிசை போட்ட டிரைவரில், எல்.இ.டி.யின் பிளஸ் நேரே பேட்டரியின் பிளஸ்ஸோடு இணைந்திருக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது மைனஸ் பக்கத்தில்தான். ஆகவே ரிஃப்லெக்டர் மைனஸ் குமிழைத் தொட்டால் டிரைவர் ஒதுங்கிவிடும், எல்.இ.டி. கட்டுப்பாடில்லாமல் கொழுந்துவிட்டு எரியும், எல்லா மோடும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். பிளஸ் குமிழைத் தொட்டால் பேட்டரி நேரடியாகச் சுருக்கில் விழும். எனக்கு நடந்தது இரண்டாவது. மூடியை இறுக்கியதும் லைட் எரியவில்லை, உடம்பு மட்டும் கைக்குள் சூடேறிக்கொண்டே போனது. நல்லவேளை, வால் மூடியை உடனே கழற்றிப் பேட்டரியைச் சிமெண்ட் தரையில் உருட்டிவிட்டேன். அந்தப் பேட்டரியை மறுபடி பயன்படுத்தவில்லை.

ஆகவே வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அதற்கு மேல் கேப்டன் (Kapton) என்ற சூடு தாங்கும் மின்காப்பு டேப்பில் ஒரு வட்டம் வெட்டிக் குமிழ்களின்மேல் போடுங்கள். மூடிய பிறகு, பேட்டரி போடும் முன், மல்டிமீட்டரால் டிரைவரின் நடுச் சுருளுக்கும் உடம்புக்கும் பீப் வருகிறதா பாருங்கள். வந்தால் திறங்கள்.

டிரைவரை மாற்றலாமா?

என் 17 மி.மீ. டிரைவரில் எட்டு 7135 இருக்கின்றன. ஒன்றுக்கு 350 மில்லி ஆம்பியர், மொத்தம் 2.8. நிச்சியா 519ஏக்கு உற்பத்தியாளர் வைத்த உச்சம் 3 ஆம்பியர், ஆகவே கச்சிதம். அப்படியே விட்டேன். இவ்வகை டிரைவர் மிஞ்சும் மின்னழுத்தத்தைச் சூடாக எரித்துத் தள்ளும்: பேட்டரி 4.1, எல்.இ.டி. 3.1 என்றால் மிச்சம் ஒரு வோல்ட், 2.8 ஆம்பியருக்கு 2.8 வாட் சூடு. பேட்டரி இறங்க இறங்க அதுவும் குறையும். புது எல்.இ.டி. பழையதைவிடக் கொஞ்சம் குறைந்த வோல்ட்டேஜில் எரிவதால், பேட்டரி பாதிக்குக் கீழே போன பிறகும் முழு வெளிச்சம் தாக்குப்பிடிக்கிறது. எஸ்.எஸ்.டி-40 போட்டு முழு வேகம் வேண்டும் என்பவர்கள்தான் டிரைவரை மாற்ற வேண்டும். அப்போது பேட்டரியும் அந்த மின்னோட்டம் தாங்குவதாக இருக்க வேண்டும். அந்த வழியில் போனால் கை சுடுகிற லைட் கிடைக்கும், ஒரு நிமிடத்துக்கு.

ஒளி வட்டத்தைச் சரிசெய்வது

புது எல்.இ.டி. சிறியது, உயரமும் வேறு. ரிஃப்லெக்டரின் குவிமையம் பழையதற்குப் பொருந்தியது. ஆகவே முதல்முறை மூடிச் சுவரில் அடித்தால் நடுவில் கறுப்பு ஓட்டையோடு வடைபோல் ஒரு வட்டம் வரலாம். பயப்பட வேண்டாம். மூடியை அரைச் சுற்று தளர்த்தி, ரிஃப்லெக்டரைக் கொஞ்சம் உயரவிட்டுப் பாருங்கள். ஓட்டை மறைந்தால் வளையத்தின் கீழே மெல்லிய காகிதம் வைத்து உயரத்தைக் கூட்ட வேண்டும். ஓட்டை பெரிதானால் வளையத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு காகிதக் கனம். எனக்கு நான்கு தடவை திறந்து மூட வேண்டியிருந்தது. சரியான உயரம் தெரிந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டு அதே கனத்துக்குக் கேப்டன் டேப்பை அடுக்குங்கள்.

வட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எல்.இ.டி. நடுவில் இல்லை. திருகாணியைத் தளர்த்தி நகர்த்துங்கள். குமிழை வெட்டித் தட்டையாக்கித் தூரம் கூட்டுபவர்களும் உண்டு. நிறம் மஞ்சள் பக்கம் சாயும், கை தவறினால் எல்.இ.டி. போகும். நான் செய்யவில்லை.

மூடிச் சோதிப்பது

மழை நாளில் மூடாதீர்கள். ஈரக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் பின்னால் கண்ணாடியில் பனி படியும். வெயிலடிக்கும் மதியத்தில், தலைப்பகுதியை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிவிட்டு மூடுங்கள். ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிரீஸ்தான். கைக்குக் கிடைத்த எண்ணெயைப் போட்டால், இயற்கை ரப்பராக இருக்கும் பட்சத்தில் பெட்ரோலிய வகைகள் பட்டு ஊறி உப்பிவிடும்.

முதலில் குறைந்த மோடில் அரை நிமிடம். பிறகு முழு மோடில் அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம். தலைப்பகுதி சீக்கிரம் சூடேறினால் சந்தோஷப்படுங்கள், எல்.இ.டி.யின் சூடு உடம்புக்கு வந்து சேர்கிறது என்று அர்த்தம். முழு மோடில் இரண்டு நிமிடம் எரிந்தும் உடம்பு குளிர்ந்தே இருந்து, வெளிச்சம் மங்கி, நிறம் நீலமாகப் போனால் உடனே அணையுங்கள். ஸ்டார் மேடையில் சரியாக உட்காரவில்லை அல்லது நடுப்பட்டை பிடிக்கவில்லை. கடைசியாக வால் பக்க ஆம்பியரை மறுபடி அளந்து, முன்பு எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். எனக்கு 2.75. நான்கு, ஐந்து என்று ஏறியிருந்தால் ரிஃப்லெக்டர் மைனஸ் குமிழைத் தொடுகிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு முறை திறந்து திருகாணிகளை இறுக்கினேன். சூடாகி ஆறியதில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. சித்தப்பா அதை வாங்கி அதே வயர் பெட்டியில் அடித்துப் பார்த்தார். "செவப்பு தெரியுது," என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்த பாராட்டு. அதற்கப்புறம் லைட் ஒரு வாரம் அவர் வீட்டில் இருந்தது.

கழற்றிய எக்ஸ்.எம்-எல்2ஐத் தூக்கிப் போடவில்லை. ஒற்றை 7135, ஒரு தனி 18650, பழைய ஸ்டாரை ஒட்டிய அலுமினியத் துண்டு ஒன்று. 350 மில்லி ஆம்பியரில் அதற்குச் சூடே ஏறாது. கோழிக் கூண்டுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கோழிகளுக்கு சி.ஆர்.ஐ. 70 போதும்.